மிச்சமாக நின்ற மன்னர்

வெகு காலத்துக்கு முன்னே மருதக்கோட்டை என்ற நாட்டை அகண்டவர்மர் ஆண்டு வந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவரை ஆட்டி வைத்தவர் அரண்மனைச் சோதிடர் வாமதேவர். புகழ்ச்சியை விழுங்குவதில் மன்னர் கெட்டிக்காரர், பரிமாறுவதில் சோதிடர்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஆயுதபூசை அணிவகுப்பில் மன்னரையும் ஒரு வீரராகவே எண்ணுவார்கள். படை பத்தாயிரம் பேர். மன்னரோடு பத்தாயிரத்து ஒன்று.

"மன்னா, இது எவராலும் வகுக்க முடியாத எண்! இரண்டிரண்டாக நிறுத்துங்கள், ஐந்தைந்தாக நிறுத்துங்கள், பத்துப் பத்தாக நிறுத்துங்கள். ஒருவர் மிஞ்சுவார். அந்தத் தனி ஒருவர் தாங்களே!" என்றார் சோதிடர்.

மன்னருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இந்த எண்ணை மிச்சமில்லாமல் வகுப்பவன் தலை போகும்" என்று பறையடிக்கச் சொன்னார். வகுத்தல் கணக்குக்குத் தலையை வாங்கும் அரசு வேறெங்கே இருக்கும்!

அந்த ஆண்டு நல்ல மழை. மைதானத்தில் பாதி சேறு. தளபதி மாவலி இடத்துக்குத் தக்கபடி, வரிசைக்கு எழுபத்துமூன்று பேராக நிறுத்தினார். நூற்று முப்பத்தேழு வரிசை வந்தது. கடைசி வரிசையின் கோடியில் மன்னர் போய் நின்றதும் அதுவும் நிரம்பிவிட்டது. ஒருவர்கூட மிஞ்சவில்லை.

தளபதியைக் கண்டாலே சோதிடருக்கு வயிறெரியும். "துரோகம்! மன்னரைக் கூட்டத்தோடு கூட்டமாக்கிவிட்டான்!" என்று அலறினார்.

"வெட்டுங்கள் இவன் தலையை!" என்றார் மன்னர்.

"மன்னா, நான் சேற்றைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை" என்று மாவலி கெஞ்சியது எடுபடவில்லை. வாள் உறையை விட்டு வந்துவிட்டது.

அமைச்சர் கூத்தநாதர் மெல்லக் கனைத்தார். "அதற்கு முன் ஒரு சந்தேகம். சோதிடரே, மும்மூன்றாக நிறுத்திப் பார்த்தீரா?"

"அது... தேவைப்படவில்லை."

"இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். மன்னருக்குச் சமமாக நிற்கும் அந்த இன்னொருவர் யார்? நீரா?"

சோதிடர் அவசரமாக இரண்டடி பின்வாங்கினார்.

"ஏழேழாக நிறுத்தினால் ஐந்து பேர். நாட்டுக்கு ஐந்து மன்னரா? போகட்டும். மன்னா, வரிசையை விட்டுச் சற்று வெளியே வாருங்கள்."

மன்னர் வந்தார். கடைசி வரிசையில் ஓர் இடம் காலியாகத் தெரிந்தது.

"பார்த்தீர்களா? சோதிடர் கணக்கில் தாங்கள் போய்விட்டால் எல்லா வரிசையும் ஒழுங்காகவே இருக்கும்; தேட ஆளில்லை. தளபதி கணக்கில் தாங்கள் போனால் படையில் ஓட்டை விழுகிறது. எவர் கணக்கில் தாங்கள் வேண்டியவர்?"

மன்னர் வெகுநேரம் யோசித்தார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை.

"அப்படியென்றால் இத்தனை நாளாக என்னை மிச்சம் என்றா சொல்லிக்கொண்டிருந்தான் இவன்!"

மாவலி கழுத்துக்கு வாளுக்குப் பதில் முத்துமாலை வந்தது. அமைச்சருக்கு ஒரு யானை. அந்த மூடச் சட்டம் அன்றே ஒழிந்தது. "சோதிடனும் இனி படைவீரன்" என்று ஆணையிட்டார் மன்னர்.

மறு ஆண்டும் மழை. அதே எழுபத்துமூன்று பேர் வரிசை. மன்னரும் நின்றார், எல்லா வரிசையும் நிரம்பியது. ஒரே ஒருவர் மட்டும் முழங்கால் சேற்றில் ஈட்டியோடு மிஞ்சி நின்றார்.

மன்னர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "எப்படி இருக்கிறது சோதிடரே, தனி ஒருவராக நிற்பது?"