மூன்றேகால் மணி நேரம்

புயல் கடந்த பத்தாம் நாள், சௌந்தரநாயகம் முப்பது பக்க அறிக்கையோடு ஜெசிந்தாவின் கடைக்கு வந்தார்.

வேம்படித்துறையில் படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பவள் ஜெசிந்தா. வயது நாற்பதுதான். அறுபதை நெருங்கும் சௌந்தரநாயகத்துக்கு, தனிநபர்கள் வானொலி வழியே பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவைக் கற்றுக்கொடுத்து, தேர்வு எழுதவைத்து, உரிமம் வாங்கவைத்தவள் அவள். அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவள் மாணவர்கள் பத்துப் பேர். கரையோரக் கூரைகளில் ஆன்டெனா நட்டு, கடலிலிருந்து வரும் செய்தியை ஊருக்கு ஊர் கடத்தும் வலை ஒன்றைக் கட்டினார்கள். செய்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ரூட்டிங் முறையில் சண்டை வந்தது. சௌந்தரநாயகம் ஒன்றைச் சொன்னார். இன்னொரு மாணவன், புளியந்துறை இசக்கிராஜ், வேறொன்றைச் சொன்னான். இருவரும் இறங்கி வரவில்லை. வலை இரண்டாகப் பிரிந்தது. நாலு கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த வேம்படித்துறையையும் புளியந்துறையையும் இணைக்க, இணையத்தின் வழியே டனல் என்ற தனி இணைப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள். அதன்பின் இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

புயலன்று ஜெசிந்தா ஊரில் இல்லை. நண்பகலில் கஸ்பாரின் படகிலிருந்து சௌந்தரநாயகத்துக்குச் செய்தி வந்தது. இன்ஜின் நின்றுவிட்டது, காற்று படகைப் பாறைத்திட்டுக்குத் தெற்கே அடித்துக்கொண்டு போகிறது. மீட்புப் படகு நின்றது புளியந்துறையில். அதே நேரம் செல்போனும் இணையமும் செத்தன. டனல் அறுந்தது.

படகில் போன மூவரில் இருவர் மறுநாள் கரை சேர்ந்தார்கள். கஸ்பார் சேரவில்லை.

“எல்லாத்தையும் எழுதியிருக்கேன் டீச்சர்,” என்றார் சௌந்தரநாயகம். “ரெண்டு ஊர்லயும் என் முறை இருந்திருந்தா, செய்தி தானா ரேடியோ வழியாப் போயிருக்கும். டனலே தேவைப்பட்டிருக்காது. எது சிறந்த முறைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இசக்கி வாயை மூடிருவான்.”

ஜெசிந்தா அறிக்கையைத் திறக்கவில்லை.

“டனல் அறுந்ததும் என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?”

“விட்டேனா? மோடத்தை பேட்டரியில ஓட்டினேன். செட்டிங்கை மாத்தி மாத்திப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தவன், ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. மூணேகாலுக்கு இணையம் வந்துச்சு. அடுத்த நொடி செய்தி அங்க இருந்துச்சு.”

சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. அது அவர் காதிலேயே விழுந்தது. நிறுத்திக்கொண்டார்.

ஜெசிந்தா சால்டரிங் அயர்னை ஓரமாக வைத்தாள். மேசையில் கிடந்த வாக்கிடாக்கியை எடுத்து, பொத்தானை அழுத்தினாள்.

“இசக்கி, புளியந்துறையில கேக்குதா?”

“கேக்குது, சொல்லுங்க டீச்சர்.”

“ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்.”

கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

“உங்ககிட்டயும் இது ஒண்ணு இருக்கே. அன்னைக்கு எங்க இருந்துச்சு?”

சௌந்தரநாயகம் தரையைப் பார்த்தார்.

“மேசை மேல.”

“சார்ஜ்?”

“முழுசா இருந்துச்சு.”

“கெட்டுப்போயிருந்ததோ?”

“இல்ல டீச்சர். நான் கூப்பிட்டா, ‘உன் முறை தோத்துப்போச்சா’ன்னு கேப்பான். இப்ப சரியாயிரும், இப்ப சரியாயிரும்னு இருந்துட்டேன்.”

வெளியே யாரோ ஒரு படகின் இன்ஜினை இழுத்துப் பார்த்தார்கள். நாலாவது இழுப்பில் அது பிடித்துக்கொண்டது.

“அப்ப எது சிறந்ததுன்னு…” என்று தொடங்கியவர், தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜெசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“கஸ்பார் வீட்டுக்காரி நேத்து இங்க வந்திருந்தா அண்ணாச்சி. சேதி வந்த நேரமும் அவளுக்குத் தெரியும், மீட்புப் படகு கிளம்பின நேரமும் தெரியும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறமும் எது சிறந்ததுன்னு கேக்கத் தோணுச்சுன்னா, வாங்க, பேசுவோம்.”