தூத்துக்குடி வரைக்கும் ஓடும் வண்டி

"இந்த வண்டி ஒரே மூச்சுல தூத்துக்குடி போய்ச் சேரோணுங்க டீச்சர்," என்றார் சிவானந்தம்.

"ரயில் போகுதே," என்றார் நூர்ஜஹான்.

"ரயில்ல இல்லீங்க. இதுலதான் போகோணும்."

நூர்ஜஹான் வண்டியைச் சுற்றி வந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. ஃபைபர் உடம்பு. பந்தயத்துக்கென்று யாரோ செய்து, பாதியில் விற்றதைச் சிவானந்தம் பல வருடங்களுக்கு முன்பு வாங்கியிருந்தார். ஓட்டாமல் கிடந்து எஞ்சின் இறுகிப் போயிருந்தது.

"தூத்துக்குடியில யாரு?"

"என் சம்சாரம்."

நூர்ஜஹான் அதற்கு மேல் கேட்கவில்லை.

கோயம்புத்தூர் பாலிடெக்னிக் ஒன்றில் பாடம் எடுப்பவர் அவர். தன் பழைய காரை வீட்டு வாசலிலேயே வைத்துப் பேட்டரியில் ஓடும்படி மாற்றி, அதிலேயே வேலைக்குப் போய் வந்தார். அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் தேடி வந்தார்கள். சிவானந்தம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், நூற்பாலையில் மேலாளர். ஆனாலும் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

"சரிங்கண்ணா. முதல்ல எஞ்சினை இறக்குவோம்."

ஞாயிற்றுக்கிழமை சிவானந்தத்தின் வீட்டு ஷெட்டில் எஞ்சின் சங்கிலியில் தொங்கி, மெல்லத் தரைக்கு வந்தது. மிச்சமிருந்த பெட்ரோல் சிமெண்டில் சொட்டியது.

சிவானந்தம் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு?"

"இந்திராணிக்கு இந்த வாசம் ஆகாதுங்க. கொஞ்ச தூரம் போனாலே தலைவலி. ஆனா ஞாயித்துக்கிழமை நான் வண்டியை எடுத்தா, வந்து உட்கார்ந்துக்குவா. முந்தானையால மூக்கை மூடிக்கிட்டே வருவா."

"அப்பவே மாத்தியிருக்கலாமே."

"அப்ப எனக்கு அது நல்ல வாசமா இருந்துச்சுங்க."

தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்தபோது, "நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டார் இந்திராணி. "போறதுன்னா போ" என்றார் சிவானந்தம். இந்திராணி போய்விட்டார்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. அவ்வப்போது ஃபோன் வரும். சாப்பிட்டீங்களா? சாப்பிட்டேன். மழையா? இல்லை. வெச்சிரட்டுமா? சரி.

அப்படியே நான்கு வருடம் ஓடிவிட்டது.

மோட்டார் வந்தது. எஞ்சின் இருந்த இடத்தில் பாதி பேட்டரிகளும், டேங்க் இருந்த இடத்தில் மீதியும் உட்கார்ந்தன. சிவானந்தம் அவிநாசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, காற்றில் கலைந்த தலையோடு வந்து இறங்கினார்.

"சத்தமே இல்லீங்க டீச்சர். வாசமும் இல்லை. ஆனா சார்ஜ் தூத்துக்குடிக்குப் பத்தாது."

"வேண்டாததை இறக்குங்க," என்றார் நூர்ஜஹான்.

ஸ்டெப்னியை இறக்கினார். கால்விரிப்பை உரித்தார். கதவின் உள்பலகைகளைக் கழற்றினார்.

"இன்னும் பத்தலீங்க."

"நானும் அதேதான் சொல்றேன். வேண்டாததை இறக்குங்க."

அடுத்த வாரம் சிவானந்தமே ஃபோன் செய்தார். குரலில் அத்தனை உற்சாகம். "டீச்சர், வந்து பாருங்க! வழி கிடைச்சிருச்சு!"

நூர்ஜஹான் வந்தார். வண்டியின் இடதுபக்கக் கதவைத் திறந்தார்.

சீட் இல்லை. அந்த இடத்தில் புதிதாக ஒரு பேட்டரிப் பெட்டி, நான்கு மூலையிலும் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது.

கதவைப் பிடித்தபடி நின்றார்.

"நான் எங்க உட்கார்றது?"

"நீங்க எதுக்குங்க உட்காரோணும்? கணக்குப் போட்டுட்டேன் டீச்சர். இப்ப தூத்துக்குடி போயிரும். நான் ஒருத்தன்தானே போறேன்?"

"ஆமா," என்றார் நூர்ஜஹான். "போறப்ப நீங்க ஒருத்தர்தான்."

கதவைச் சாத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

சிவானந்தம் ஸ்பேனரோடு நின்றார். நூர்ஜஹானுக்குப் போட்டுவைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அவ எங்க வரப்போறா," என்றார் வாய்விட்டு.

ஷெட்டில் வேறு யாரும் இல்லை. சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

குனிந்து முதல் போல்ட்டைக் கழற்றினார்.

கழற்றிப் போட்ட சீட் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. இந்திராணி குட்டை. கால் எட்டுவதற்காக அதை முன்னால் தள்ளி வைத்திருப்பார். சீட்டுக்கு அடியில் அது நகரும் தடத்தில் அந்த இடத்திலேயே துரு ஏறியிருந்தது. சிவானந்தம் துருவைத் தேய்த்தார். சீட்டைப் பின்னால் தள்ளாமல் அப்படியே மாட்டினார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஆள் எடை வேண்டும். ஓர் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். பிறகு யோசித்தார். இப்போது எவ்வளவு இருப்பாள்? இளைத்திருப்பாளா, பூசியிருப்பாளா? நைட் டியூட்டி பார்க்கிறவள் நேரத்துக்குச் சாப்பிடுவாளா?

அவருக்குத் தெரியவில்லை.

மூட்டைக்கு பெல்ட் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பல்லடம் தாண்டிப் போய்த் திரும்பும் வரைக்கும், பள்ளம் வந்த இடத்திலெல்லாம் இடது கையை நீட்டி மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சிவானந்தம் நூர்ஜஹானின் வீட்டுக்குப் போனார். அவர் வாசலில் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சீட்டைத் திரும்ப மாட்டிட்டேனுங்க டீச்சர்."

"சரி."

"இப்ப திண்டுக்கல் தாண்டாதுங்க."

"சரி."

"அங்க எங்காச்சும் நிறுத்தி ராத்திரி பூரா சார்ஜ் போட்டாத்தான் திரும்பவே முடியும். அவ இருக்கிற ஊருக்குப் போய்ச் சேராதுங்க; நடுவுல தங்கித் தங்கிப் போக மில்லுல லீவும் கிடைக்காது. பாதி வழிதான்."

"சரி."

"நான் என்னங்க பண்ணட்டும்?"

நூர்ஜஹான் குவளையைக் கீழே வைத்தார்.

"இதை எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்கண்ணா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிவானந்தம் தொட்டிகளுக்கு நடுவே நின்றார். சட்டைப் பையில் கையை விட்டார். எடுத்தார். மறுபடியும் விட்டு, ஃபோனை வெளியே எடுத்தார்.

"என்னங்க, நீங்களே கூப்பிடுறீங்க?" என்றார் இந்திராணி. "உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. வண்டியை மாத்திட்டேன் இந்திரா. இப்ப பேட்டரியில ஓடுது."

"ம்."

"பெட்ரோல் வாசம் துளிகூட இல்லை."

சிவானந்தம் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"உன்னைப் பார்க்க அதுலயே வரலாம்னு பார்த்தேன். முடியலை. திண்டுக்கல்லோட நின்னுருது. ரெண்டு பேருக்கு இடம் வெச்சா என்னால அவ்வளவு தூரம்தான் வர முடியுது."

யாரோ "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுவது கேட்டது. "இருங்க, வர்றேன்," என்று இந்திராணி கூப்பிட்டவர்களிடம் சொன்னார். காலடிச் சத்தம். ஒரு கதவு சாத்தும் சத்தம். அப்புறம் எதுவும் கேட்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டாளோ என்று சிவானந்தம் திரையைப் பார்த்தார். வைக்கவில்லை. மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

"திண்டுக்கல்லுல," என்றார் இந்திராணி, "எந்த இடத்துல நிப்பீங்க?"