கழுதை முன்னால் போன வழி

மலையூரைச் சுற்றிப் பார்க்க வந்த ஜமீன்தார் வல்லபதுரை, இறங்கும் நேரத்தில் மூடுபனியில் மாட்டிக்கொண்டார். அன்று சந்தை நாள். ஊரே அடிவாரத்துக்குப் போயிருந்தது. கடைசியாகக் கிளம்பிய வெள்ளாயிதான் அகப்பட்டாள்.

"சந்தைக்கு வழி காட்டுடி. ஆனா எனக்கு முன்னால நடக்கக் கூடாது. மலைக்காரி முதுகைப் பார்த்துக்கிட்டு நடக்கவா நான் பொறந்தேன்? வழி தப்பிச்சோ, உங்க ஆளுங்க ஒருத்தரும் இனி சந்தையில கடை விரிக்க முடியாது!"

வெள்ளாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, எலுமிச்சை மூட்டை ஏற்றிய தன் கழுதையை முன்னால் விட்டாள்.

"வாராவாரம் சந்தைக்குப் போற கழுதை இது, சாமி. வாலைப் பிடிச்சுக்குங்க. நான் பின்னாலயே வரேன்."

தன் கையே தனக்குத் தெரியாத பனி. ஜமீன்தார் வாலைப் பிடித்தார்.

அடிவாரத்தில் பனி விலகியது. பட்டு அங்கவஸ்திரமும் கையில் கழுதை வாலுமாக அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்துச் சந்தையே சிரித்தது.

"கழுதை பின்னால நடக்க வெச்சு என் மானத்தை வாங்கிட்டியேடி!"

வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த கோபம் வெள்ளாயிக்கு வெடித்தது.

"மனுஷி பின்னால நடந்தா மானம் போகும்னீங்க. கழுதை பின்னால நாலு மைல் வாயைத் திறக்காம வந்தீங்களே, அப்ப எங்கே போச்சு மானம்? மொதல்ல அந்த வாலை விடுங்க. நாங்க கடை விரிக்கணும்!"