நாலு மூலைச் சக்கரம்

ஒரு கணினித் திரைக்குள்ளே ஓர் ஊர் முளைத்துக்கொண்டிருந்தது. அதைக் கட்டியவள் நிலோஃபர். பழைய செல்போனிலும் ஓடக்கூடிய ஒரு பஸ் விளையாட்டுக்கான ஊர் அது. முதலில் ஒரே ஒரு பெட்டியைச் செய்தாள். அதையே நகலெடுத்தாள், நீட்டினாள், திருப்பினாள், தலையில் கூரையைக் கவிழ்த்தாள். வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் வந்துவிட்டன.

முதலில் பிறந்த பெட்டி தெருமுனையில் டீக்கடையாக நின்றது. அதற்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. "எனக்கு ஆறு பக்கம். ஆறிலும் ஒரு கீறல் கிடையாது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும்.

கடைசியாகப் பஸ் வந்தது. கிளம்பியதுமே தடக் தடக்கென்று குதித்தது. அதன் சக்கரங்கள் சதுரமாக இருந்தன.

"என்னண்ணே, நொண்டி விளையாட்டா?" என்று டீக்கடைக் கூரை சிரித்தது.

"சிரிக்காதே தம்பி. சக்கரம் உருளணும்னா அதுக்கு இன்னும் நிறையப் பக்கம் வேணும். போன் தரமாட்டேங்குது" என்றது பஸ்.

விளையாட்டை ஓட்டிப் பார்க்க நிலோஃபர் மேசைமேல் வைத்திருந்த பழைய போனுக்கு மூச்சு வாங்கியது. "இந்த ஊரோட ஒவ்வொரு பக்கத்தையும் நான்தானே சுமக்கிறேன்? இன்னும் ஒண்ணு ஏத்தினாலும் படுத்துடுவேன்."

"பஸ் ஓடலைன்னா இந்த ஊர் எதுக்கு? அழிச்சிட்டு வேற செய்ய வேண்டியதுதான்" என்று நிலோஃபர் முணுமுணுத்தாள்.

அவள் ஊரைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள். "அட, தரையில ஒட்டியிருக்கிற பக்கத்தையெல்லாம் யார் பார்க்கப் போறாங்க?"

திரையில் அவள் நகர்த்திய மவுஸ் அம்பு டீக்கடையின் அடியில் வந்து நின்றது. "அடிப்பக்கமும் முதுகும் வேணும், பெட்டியண்ணே. தருவீங்களா?" என்று கேட்டது அம்பு.

பெட்டி பதறியது. "ஆறில் ரெண்டு போனா நான் பெட்டியா?" பின்னால் முதுகோடு முதுகாக ஒட்டி நின்ற தையல் கடையைக் கூப்பிட்டது. "ஏம்ப்பா, என் முதுகு நல்லாத்தானே இருக்கு? நீயே சொல்லு."

"இத்தனை நாளா ஒட்டிக்கிட்டு நிக்கிறேன். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே!"

பெட்டி யோசித்தது. தெருவில் பஸ் தலை குனிந்து நின்றது.

"சரி, எடுத்துக்கோ. முன்பக்கத்தை மட்டும் தொடாதே. வியாபாரம் நடக்கணும்."

"அப்போ என் முதுகையும் எடுத்துக்கோ" என்றது தையல் கடை. அதைப் பார்த்துத் தெரு முழுக்க ஒளிந்திருந்த பக்கங்களை எல்லோரும் கழற்றிக் கொடுத்தார்கள்.

"அப்பாடா, லேசா இருக்கு! இப்போ ஏத்தும்மா" என்றது போன்.

சக்கரங்களுக்குப் பக்கங்கள் கூடின. மூலைகள் மழுங்கின. பஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது. நிலோஃபர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

பிறகு ஒருநாள், புதிதாக வந்த விளக்குக் கம்பம் ஒன்று தரைக்கு அடியிலிருந்து மேலே ஏறும்போது டீக்கடையைப் பார்த்துத் திடுக்கிட்டது. "ஐயையோ, உங்களுக்கு அடியும் இல்லை, முதுகும் இல்லையே!"

"யார் சொன்னது?" என்றது பெட்டி. "அதோ, பள்ளிக்கூடத் திருப்பத்துல ஓடுது பார்!"