சொரிமுத்துவுக்கு நடக்காத ஆபரேஷன்

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், வேண்டாம். அதன் கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறையில் மூன்று மேதைகள் வேலை பார்த்தார்கள். டாக்டர் எழுதியதைப் படித்து, நோய்க்கு ஒரு எண், வைத்தியத்துக்கு ஒரு எண் என்று போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மெடிக்கல் கோடிங் என்பார்கள். சங்கரலிங்கம் தலைவர். மற்ற இருவர் இசக்கியப்பன், பரமகல்யாணி.

சேர்ந்த அன்று பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு விதியை அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். "எழுதியிருந்தா நடந்தது. எழுதலைன்னா நடக்கல. நீங்களா எதையும் யோசிக்காதீங்க." கடைசி வாக்கியத்தைக் கடைப்பிடிப்பதில் அவர்களுக்குச் சிரமமே இருக்கவில்லை.

ஒருநாள் இசக்கியப்பன் கேன்டீனில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்த நோட்டில் கையெழுத்துப் போட மறந்துவிட்டான். அறைக்கு வந்ததும் ஞாபகம் வந்தது. சாப்பிடவே இல்லை என்றாகிவிட்டதே! திரும்பிப் போய் மறுபடியும் சாப்பிட்டான்.

இன்னொரு நாள் பரமகல்யாணி வருகை மெஷினில் விரல் வைக்க மறந்துவிட்டாள். அன்று முழுக்க மற்ற இருவரும் அவளோடு பேசவில்லை. அவளும் வராதவளுக்குரிய அடக்கத்தோடு சும்மா உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் சங்கரலிங்கம் போன் போட்டு, ஏன் லீவு என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்தபடியே எடுத்து, "காய்ச்சல் சார்" என்றாள்.

இப்படிப்பட்டவர்கள் கையில்தான் சொரிமுத்துவின் ஃபைல் வந்து சேர்ந்தது.

சொரிமுத்து மினி பஸ் டிரைவர். ஐம்பது தாண்டியவர், சர்க்கரை நோயாளி. சர்க்கரை ஏறி ஏறி முன்தோல் இறுகிப்போய், மனுஷனுக்கு ஒண்ணுக்குப் போவதே பெரும்பாடாகிவிட்டது. டாக்டர் தேவசகாயம் அந்தத் தோலை நீக்கினார். மறுநாள் காலையிலேயே டெல்லி மாநாட்டுக்குப் பறந்துவிட்டார். நீக்கினேன் என்று எழுதத்தான் மறந்துவிட்டார்.

அன்று மத்தியானம் டிஸ்சார்ஜுக்காக ஃபைலைப் பிரித்தார்கள்.

"முன்தோல் இறுக்கத்துக்கு ரெண்டு எண் இருக்கு," என்றாள் பரமகல்யாணி. "தோல் பின்னால போகலைன்னா ஒண்ணு. பின்னால போனது முன்னால வரலைன்னா இன்னொண்ணு."

இசக்கியப்பனுக்கு விளங்கவில்லை. சங்கரலிங்கம் தன் மடக்குக் குடையையும் அதன் உறையையும் எடுத்து விளக்கினார். உறை பாதியில் மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை.

"இதுக்கு எண்ணே இல்லையே அண்ணாச்சி," என்று இசக்கியப்பன் கவலைப்பட்டான்.

நல்லவேளை, நோயை டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். எண் போட்டாயிற்று. அடுத்தது ஆபரேஷன். பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள்.

"முந்தாநாள் குறிப்புல, நாளை காலை ஆபரேஷன்னு இருக்கு. செஞ்சதா எங்கயும் எழுதல."

"அப்ப நடக்கல," என்றார் சங்கரலிங்கம்.

"ஐயோ பாவம்! ரெண்டு நாளா அந்த மனுஷன் சும்மா கெடக்காரே!" பரமகல்யாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

சங்கரலிங்கம் உடனே ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டார். அங்கே இருந்தது வேறு ஷிஃப்ட், வேறு டாக்டர். நாலு மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல செய்தியை நேரில் சொல்ல அவர் வார்டுக்கு ஏறினார்.

சொரிமுத்து வேட்டியைக் கூடாரம் போல் தூக்கிப் பிடித்தபடி படுத்திருந்தார். அவர் மனைவி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கவலப்படாதீங்க. இன்னைக்கு நாலு மணிக்கு உங்களுக்கு ஆபரேஷன்."

"அது முடிஞ்சு போச்சுல்லா?"

"நடக்கல."

"என்னவே சொல்லுதீரு? எனக்குத் தெரியாதா? உயிர் போற மாதிரி வலிக்குவே!"

சங்கரலிங்கம் நர்ஸ் குறிப்பைப் பார்த்தார். "வலி இல்லைன்னு போட்டிருக்கு."

"மாத்திர போட்ட நேரத்துல கேட்டாங்க, இல்லைன்னேன். நம்பலைன்னா காட்டட்டுமா?"

சங்கரலிங்கம் பதறிப்போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "நாங்க ஆளப் பாக்கக்கூடாது. காகிதத்தத்தான் பாக்கணும்."

"இனி வெட்டுததுக்கு அங்க என்னவே மிச்சம் இருக்கு?"

கேட்டுக்கொண்டே அவர் கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்ந்தார். சங்கரலிங்கம் தைரியம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"ஏங்க, எந்திரிங்க," என்றாள் மனைவி. "இவனுவ இன்னொரு தடவ வெட்டாம விடமாட்டானுவ."

இருவரும் பின்படி வழியாக நழுவினார்கள். மூன்றரை மணிக்கு வெளியே போனதாக வாட்ச்மேன் எழுதிக்கொண்டார். சொரிமுத்து கிடைத்த பஸ்ஸில் ஏறி, உட்கார முடியாமல் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்.

இங்கே ஸ்ட்ரெச்சர் வந்தது, ஆளைக் காணோம். மேதைகள் மூவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தேட ஓடினார்கள். விஷயம் தெரிந்த நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டாள். டெல்லியில் இருந்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, போனிலேயே குறிப்பை எழுதி அனுப்பினார். 'முன்தோல் நீக்கப்பட்டது. நோயாளி நலம்.' நேரத்தைக் கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொண்டது. இன்று, மாலை நாலு மணி.

மூவரும் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் கூடினார்கள்.

"நாலு மணிக்கு ஆபரேஷன் நடந்திருக்கு," என்றார் சங்கரலிங்கம்.

"ஆனா சொரிமுத்து மூணரைக்கே வெளிய போயிட்டாருன்னு வாட்ச்மேன் எழுதியிருக்காரே சார்?"

"அதுவும் நடந்திருக்கு."

சங்கரலிங்கம் இரண்டு குறிப்பையும் மாறி மாறிப் படித்தார்.

"அப்ப நாலு மணிக்கு தியேட்டர்ல யாரு இருந்தா?"

இசக்கியப்பன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "நான்தான் அண்ணாச்சி. அவர் ஒளிஞ்சிருக்காரான்னு மேசைக்கு அடியில தேடிக்கிட்டு இருந்தேன்."

இருவரும் அவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். "வலிக்கா?" என்று பரமகல்யாணி தணிந்த குரலில் கேட்டாள்.

"தெரியலியே. எதுக்கும் பாத்ரூம் போயிப் பாத்துட்டு வாரேன்."

"நீ பாக்கக்கூடாதுலே," என்று சங்கரலிங்கம் தடுத்துவிட்டார்.

இசக்கியப்பனுக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. காலை அகட்டி வைத்து, இரண்டு பக்கமும் இருவர் தாங்க வாசலுக்கு வந்தான். ஆட்டோவில் ஏறியதும், பள்ளம் மேடு பார்த்து மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான்.