பக்கத்து நாற்காலியின் தையல்

"டீச்சர், தங்கபுஷ்பத்தை என் பக்கத்துலேர்ந்து மாத்திடுங்க" என்றாள் கோமளவல்லி.

ஜுலைகா டீச்சர் பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்க மாத்த?"

"எதிர்ப் பக்கம்."

"எதிர்ப் பக்கமும் உங்க போர்வைதானே?"

கோமளவல்லி யோசித்தாள். அது உண்மைதான்.

"அப்ப எந்தப் பக்கமும் வேண்டாம். அவங்க டீ போடட்டும். நல்லா டீ போடுவாங்க."

டீச்சர் ஒரு சுளையை நீட்டினார்.

"சாப்பிடுங்க. நல்ல பழம்."

அவ்வளவுதான் பதில்.

*

ஏற்காட்டில் ஒவ்வொரு மே மாதமும் பத்து நாள் அவர்கள் கூடுவார்கள். ஏழு மாணவிகள், ஒரு டீச்சர். மாணவிகளில் நான்கு பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. வாணியம்பாடியில் தையல் வகுப்பு நடத்துகிறார்.

ஒரு காப்பித் தோட்டத்து வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஒட்டுப்போர்வை தைப்பார்கள்.

வேலூரிலும் திருச்சியிலும் தூத்துக்குடியிலும் வியர்வையில் குளிக்கிறவர்கள் மலையேறி வந்து பஞ்சு வைத்த போர்வை தைப்பதைப் பார்த்துக் கடைத்தெருவில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். காலையில் ஊசி, மதியம் ஒரு மணி நேரத் தூக்கம், மாலையில் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி. சமைக்க ஆள் உண்டு. "என் கண்ணாடி எங்கே?" என்று கேட்க வீட்டு ஆண்கள் இல்லை. இதைவிடப் பெரிய சொர்க்கம் ஒன்று இருந்தால் அந்த ஏழு பேருக்கும் அதன் விலாசம் தெரியாது.

முதல் நாள் குலுக்கல் நடக்கும். யார் பெயர் வருகிறதோ, அவர் கொண்டுவந்த ஒட்டுத்துணியைப் பெரிய மரச்சட்டத்தில் கட்டுவார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்து கையால் தைப்பார்கள். பத்தாம் நாள் போர்வை அவருக்குச் சொந்தம்.

விதி ஒன்றே ஒன்று. ஒருவர் போட்ட தையலை இன்னொருவர் பிரிக்கக் கூடாது.

கோமளவல்லியின் பெயர் ஒன்பது வருடமாக வரவில்லை. இந்த வருடம் வந்துவிட்டது.

அவள் திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் பாலங்களுக்கு வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவள். அங்குலத்துக்குப் பத்துத் தையல் போடுவாள். ஒன்பது இல்லை, பதினொன்று இல்லை. இந்தப் போர்வையை ஆகஸ்டில் கோயம்புத்தூர் கண்காட்சிக்குக் கொண்டுபோக நினைத்திருந்தாள். அங்கே நடுவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தையலை எண்ணுவார்கள். அந்தப் பரிசை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது அவள் புருஷனுக்குக்கூடத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில்தான் சட்டத்தைக் கட்டி முடித்து ஊசியை எடுத்தார்கள்.

மூலை நாற்காலியில் தங்கபுஷ்பம். மூலை என்பதால் அவளுக்குப் பக்கத்தில் ஒரே ஆள், கோமளவல்லி.

தங்கபுஷ்பம் தூத்துக்குடிக்காரி. முன்பெல்லாம் நன்றாகத் தைத்தவள்தான். இந்த வருடம் ஓர் அங்குலத்துக்கு மூன்று தையல், அடுத்ததில் ஐந்து, பிறகு ஒரு தாவல். கருநீலத் துணி, வெள்ளை நூல். ஒளிக்க இடமே இல்லை. தங்கபுஷ்பத்துக்கே அது வெட்கமாக இருந்திருக்க வேண்டும். தைக்கும்போதே வேறு எங்கோ பார்த்தாள். தைத்ததைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போனாள்.

ஒரு முழ நீளம். கோமளவல்லி நடுவர்களின் பூதக்கண்ணாடியை நினைத்தாள்.

அதனால்தான் டீச்சரிடம் போனாள். பலாச்சுளையோடு திரும்பினாள்.

*

மதியம் எல்லோரும் தூங்கினார்கள்.

கோமளவல்லி சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். தங்கபுஷ்பத்தின் தையலை ஒவ்வொன்றாக வெட்டி நூலை உருவினாள். துணியில் ஊசித் துளைகள் தெரிந்தன. விரலால் தண்ணீர் தொட்டு வைத்து நகத்தால் தேய்த்தாள். துளைகள் மூடிக்கொண்டன. பிறகு தன் கையால் தைத்தாள். அங்குலத்துக்குப் பத்து.

என் போர்வைதானே என்று சொல்லிக்கொண்டாள். ஊர் தூங்கும்போது செய்கிற காரியத்தில் ஒரு தனி ருசி இருக்கும். அதுவும் அவளுக்குக் கிடைத்தது.

சாயங்காலம் டீ டம்ளரோடு வந்த தங்கபுஷ்பம் தன் மூலைக்கு வந்து குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள்.

"யக்கா, இது நான் போட்டதா?"

"அங்க நீங்கதானே உக்காந்திருந்தீங்க" என்றாள் கோமளவல்லி.

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவர்களுக்கு இப்படிப் பேச வரும்.

தங்கபுஷ்பம் தையலை விரலால் தடவினாள்.

"பாக்காமப் போட்டேன். பாக்காமப் போட்டா நேரா விழுது போல."

மறுநாள் காலை அவள் வேண்டுமென்றே பார்க்காமல் தைத்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, மரங்களைப் பார்த்துக்கொண்டு, விரலின் தடவலிலேயே ஒரு முழம் போட்டாள். எழுந்தபோதும் பார்க்கவில்லை. "சாயங்காலந்தான் பாக்கணும்" என்றாள். நேர்ந்துகொண்டவள் போல.

கோமளவல்லி மதியத் தூக்கத்தை விட்டாள். அடுத்த நாளும் விட்டாள்.

தங்கபுஷ்பம் ஆளே மாறிப்போனாள். ஏரிக்கரையில் பாடினாள். எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். எதிர் நாற்காலி விஜயராணி "என்ன, மாப்பிள்ளை பாத்திருக்கா?" என்று கேலி செய்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கோமளவல்லிக்கே நன்றாக இருந்தது. நாம் ஒன்றும் கெட்டது செய்துவிடவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் தங்கபுஷ்பம் வாசலில் நின்று மகளிடம் போனில் பேசுவது கோமளவல்லியின் காதில் விழுந்தது.

"ஏட்டி சுபா, திங்கக்கிழமை அந்த நரம்பு டாக்டர்ட்ட போட்ட டோக்கன வேண்டாம்னு சொல்லிரு. ரெண்டு மாசம் காத்துக் கெடந்து கெடச்சதுதான், இப்ப அது எதுக்கு? கை நல்லாத்தான் இருக்கு. ஆடுத மாதிரி இருக்கு, ஆனா தையலு கோடு கிழிச்ச மாதிரி விழுது. நான் கண்ணால பாக்கேன்லா? பயந்து பயந்துதான் ஆடியிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

கோமளவல்லி டீச்சரைத் தேடிப் போனாள்.

*

ஜுலைகா டீச்சர் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல டீச்சரின் முகம் சுருங்கியது. கையிலிருந்த நூல்கண்டை அடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

"சொன்னா என்னை என்ன நினைப்பாங்க? மத்தவங்க என்ன நினைப்பாங்க? சொல்லாம விட்டா அவங்க டாக்டர்கிட்ட போக மாட்டாங்க. தினமும் பிரிச்சுத் தைக்கவும் முடியாது. நிறுத்தவும் முடியாது. புலி வாலைப் பிடிச்ச கதை ஆயிடுச்சு டீச்சர். நான் என்ன பண்ணட்டும்?"

"எத்தனை முழம்?"

"மூணு."

"நீங்க போட்டதை நாளைக்குப் பிரிச்சிடுங்க."

"பிரிச்சிட்டு?"

"அவங்க போட்டிருந்த மாதிரியே போட்டு வைங்க. சாயங்காலம் வந்து பாப்பாங்க. அவங்களே புரிஞ்சுக்குவாங்க. டாக்டர்கிட்ட போவாங்க. நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

கோமளவல்லிக்கு உயிர் வந்தது. இவ்வளவு சுலபமா? நேராக இருந்த தையல் எப்படிக் கோணியது என்று தங்கபுஷ்பம் கேட்பாளே என்பது அவளுக்குத் தோன்றவில்லை. டீச்சரைக் கும்பிடலாம் போல இருந்தது. கண்காட்சி போனால் போகட்டும். மானம் தப்பியது.

"அவங்க மாதிரியேதான் இருக்கணும்" என்றார் டீச்சர். "அவங்க தையல் அவங்களுக்குத் தெரியும்."

*

ஆறாம் நாள் காலையிலும் தங்கபுஷ்பம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒரு முழம் தைத்தாள்.

மதியம் கோமளவல்லி தன்னுடைய மூன்று முழத்தையும் பிரித்தாள். காலையில் தங்கபுஷ்பம் போட்டது பக்கத்திலேயே இருந்தது. மாதிரிக்கு அது போதும். முப்பது வருடம் பார்த்து வரைந்தவளுக்கு இது ஒரு பொருட்டா?

முதலில் பெரிதாகப் போட்டாள். எல்லாம் ஒரே அளவில் பெரிதாக வந்தன.

பிரித்தாள். மூன்று பெரிது, இரண்டு சிறிது, ஒரு தாவல் என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு போட்டாள். ஏதோ புது டிசைன் போல அழகாக வந்தது.

பிரித்தாள். இடது கையால் போட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை போட்டது போல இருந்தது. தங்கபுஷ்பம் போட்டது போல இல்லை.

பிரித்தாள். தங்கபுஷ்பத்தின் தையலருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தையலும் நேர்க்கோட்டுக்குத்தான் கிளம்பியிருந்தது. கிளம்பிய பிறகுதான் விலகியிருந்தது. விலகியதை அடுத்த தையல் திரும்பக் கோட்டுக்கு இழுத்திருந்தது. அதுவும் விலகியிருந்தது.

கடைசியில் கோமளவல்லி தன் கையை ஆட்டிக்கொண்டே தைத்துப் பார்த்தாள். ஆடுகிற கையோடு ஊசியைக் கோட்டில் இறக்கப் பார்த்தாள். ஒரு தையல். இரண்டு. விரலில் குத்தியது. மூன்று. நான்காவதில் மணிக்கட்டு வலித்தது. தோள்பட்டை வரை இழுத்துக்கொண்டது. ஊசியைக் கீழே வைத்தாள்.

தங்கபுஷ்பம் ஒரு நாளைக்கு ஒரு முழம் போட்டிருந்தாள்.

கோமளவல்லிக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து டீச்சரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"எனக்கு வரலை டீச்சர்."

"முயற்சி பண்ணீங்களா?"

"எல்லா விதத்துலயும் பண்ணிட்டேன். அது எனக்கு வராது."

"அப்ப யாருக்கு வருமோ அவங்களைக் கூப்பிடுங்க" என்றார் டீச்சர். கதவைச் சாத்திக்கொண்டார்.

*

தங்கபுஷ்பம் தூக்கக் கலக்கத்தோடு வந்து சட்டத்தின் முன்னால் நின்றாள்.

கருநீலத் துணியில் மூன்று முழம் வெறுமையாக இருந்தது. பஞ்சு உப்பி நின்றது. அதை ஒட்டி, அன்று காலை போட்டது மட்டும் இருந்தது.

"யக்கா, என் தையலு எங்க?"

"இது மட்டும்தான் உங்களுது. இன்னைக்குக் காலையில போட்டது."

"மத்தது?"

"நீங்க போட்டதை நான் பிரிச்சிட்டேன். நீங்க சாயங்காலத்துல பாத்ததெல்லாம் நான் போட்டது."

தங்கபுஷ்பத்துக்கு அது உடனே விளங்கவில்லை. குனிந்து, காலையில் போட்ட தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோமளவல்லி திட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

தங்கபுஷ்பம் போனை எடுத்தாள்.

"சுபா, அந்த டோக்கன வேண்டாம்னு சொல்லிட்டியா? சொல்லிட்டியா. சரி, திரும்பக் கேளு. நேர்ல போயி நில்லு. யாரு காலுலயாவது விழுந்து கேளு."

மறுமுனையில் மகள் ஏதோ கேட்டாள்.

"ஆமா, ஆடுது" என்றாள் தங்கபுஷ்பம். "நல்லாவே ஆடுது."

போனை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே யாரோ எழுந்து டீக்குப் பால் வைக்கும் சத்தம் கேட்டது.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றாள் கோமளவல்லி. "போர்வை அழகா வரணும்னு நினைச்சேன்."

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க."

"கேளுங்க."

"மூணு நாளா என் தையல ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்துப் பிரிச்சிருக்கிய. ஒண்ணு விடல. என் வீட்டுக்காரரு பாக்கல. எம்மவ பாக்கல. இவ்வளவு கிட்டத்துல இருந்து பாத்த ஒரே ஆளு நீங்கதான். இந்தப் பொம்பளைக்கு என்னமோ ஆயிட்டு வருதுன்னு ஒங்களுக்குத் தோணலையாக்கா?"

முப்பது வருடத்துக் கோப்புப் பேச்சு ஒன்றும் கோமளவல்லியின் உதவிக்கு வரவில்லை.

"நான் தையலைத்தான் பாத்தேன்" என்றாள்.

தங்கபுஷ்பம் தன் வலது கையைத் தூக்கி, வெறுமையாகக் கிடந்த கருநீலத்தின் மேல் வைத்தாள்.

"இப்பப் பாருங்க."