மிளகி கேட்ட மூன்று குரல்

மலையிலிருந்து மிளகு மூட்டைகள் எருதுகளின் முதுகில் ஊருக்கு இறங்கிவந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே காது கொடுங்கள்.

மலையடிவாரத்தில் குன்றவாயில் என்று ஓர் ஊர். அந்த ஊரில் நெடுஞ்சேந்தன் என்று ஒரு மிளகு வணிகன். அவன் மனைவி அமுதவல்லி. வீடு பெரிய வீடு. முன்னால் முற்றம், நடுவில் கூடம், பின்னால் அடுக்களை. அதற்கும் பின்னால், மிளகு மூட்டைகளை அடுக்கிவைக்கும் சரக்கறை.

அந்த வீட்டில் ஒரு பூனை இருந்தாள். வெள்ளை உடம்பில் மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். அதனால் மிளகி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்துப் பூனைகள் இப்போதுபோல் இல்லை. எலியைக் கண்டால் பாயும். நாயைக் கண்டால் மரம் ஏறும். மற்ற நேரமெல்லாம் நிதானமாக நடக்கும். காரணம் இல்லாமல் வீட்டுக்குள் தலைதெறிக்க ஓடுகிற பழக்கம் எந்தப் பூனைக்கும் கிடையாது. மிளகிக்கும் கிடையாது.

சரக்கறைச் சுவரில், உத்திரத்துக்குக் கீழே, ஒரு பொந்து. அந்தப் பொந்தில் ஒரு மைனா குடியிருந்தாள். பூனையும் பறவையும் ஒரே கூரைக்குக் கீழே எத்தனை நாளைக்கு இருக்கும் என்று ஊரார் சிரித்தார்கள். ஆனால் ஒரு மழைக்காலத்தில் நடந்த சம்பவம் அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டது.

அன்றைக்கு எலியைத் துரத்திக்கொண்டு சரக்கறைக்குள் போன மிளகியின் மேல் ஒரு மூட்டை சரிந்து விழுந்தது. தலை மட்டும் வெளியே. கத்துவதற்கு மூச்சு வரவில்லை. பூனை செத்தால் பறவைக்கு நிம்மதிதானே? மைனா அப்படி நினைக்கவில்லை. முற்றத்தில் பறந்து கத்தினாள். கூடத்தில் பறந்து கத்தினாள். அடுக்களையில் அமுதவல்லியின் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தினாள்.

"இதென்ன இது, இன்றைக்கு இப்படிக் கத்தித் தொலைக்கிறது?" என்று கரண்டியும் கையுமாக அமுதவல்லி பின்னாலேயே வந்தாள். பார்த்தாள். மூட்டையைப் புரட்டித் தள்ளினாள். மிளகி பிழைத்தாள்.

உடம்பு தேறியதும் மிளகி பொந்துக்குக் கீழே போய் நின்றாள்.

"மைனா, உனக்கு ஓர் ஆபத்து வந்தால் ஒரு குரல் கொடு. வந்து நிற்பேன்."

"வீடு பெரிய வீடு. நீ எங்கேயாவது இருப்பாயே?"

"எங்கே இருந்தால் என்ன? குரல் கேட்டால் காலில் காற்றைக் கட்டிக்கொண்டு வருவேன். என்மேல் ஆணை."

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். காக்கை வந்தது, மைனா கூப்பிட்டாள், மிளகி ஓடினாள். உடும்பு வந்தது, மைனா கூப்பிட்டாள், மிளகி ஓடினாள். பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை வந்தது. அப்போதும் ஓடினாள். மூக்கில் ஒரு கீறல் வாங்கிக்கொண்டு அவனை விரட்டியும் விட்டாள்.

ஊரே பேசியது. "பூனை காவல் காக்கிற பறவையைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்று அமுதவல்லி எல்லாரையும் கூட்டிவந்து காட்டினாள். மிளகியின் தட்டில் மீன் பெரிதாகிக்கொண்டே போனது. மிளகியும்தான். நல்ல பெயர் வந்துவிட்டது, இனி அதற்காக எழுந்திருக்க வேண்டியதில்லை என்று அவளுக்குள் ஒரு நினைப்பு மெல்ல வந்து உட்கார்ந்தது.

மாசி மாதம் வந்தது. மைனாவின் பொந்தில் மூன்று குஞ்சுகள். அப்போதுதான் இறகு முளைக்கத் தொடங்கியிருந்தது. முற்றத்தில் மிளகு காயப்போட்ட பாய்கள். வெயில் சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. தூக்கத்துக்கென்றே செய்த வெயில். பாயின் ஓரத்தில், சூடேறிய கல்லின் மேல், மிளகி வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

சரக்கறையிலிருந்து மைனா கூப்பிட்டாள்.

மிளகிக்குக் கேட்டது. 'காக்கையாக இருக்கும். ஒருமுறை அடிபட்டது, தானாகப் போய்விடும்' என்று நினைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

மைனா இரண்டாம் முறை கூப்பிட்டாள். குரல் உயர்ந்திருந்தது.

'போகத்தான் போகிறேன். இந்த வெயில் கொஞ்சம் நகரட்டும்' என்று நினைத்துக்கொண்டாள். காலை ஒருமுறை நீட்டி மடக்கினாள். எழுந்திருக்கவில்லை.

மைனா மூன்றாம் முறை கூப்பிட்டாள். அந்தக் குரல் பாதியில் நின்றது.

அதற்குப் பிறகு வந்த அமைதிதான் மிளகியை எழுப்பியது. எழுந்தாள். ஓடினாள். அப்படி அவள் அதற்கு முன் ஓடியதே இல்லை. முற்றத்தைத் தாண்டி, கூடத்தில் வழுக்கி, அடுக்களையில் குடத்தை உருட்டி, சரக்கறைக்குள் பாய்ந்தாள்.

பொந்து காலியாக இருந்தது. ஒரு சாரைப்பாம்பின் வால் மூட்டைகளுக்கு நடுவே நுழைந்து மறைந்தது. தரையில் இறகுகள் கிடந்தன. ஓர் இறகு காற்றில் வந்து அவள் பாதத்தில் ஒட்டிக்கொண்டது.

குடம் உருண்ட சத்தம் கேட்டு ஓடிவந்த அமுதவல்லி கண்டது பாம்பை அல்ல. இறகுகளையும், அவற்றின் நடுவே நின்ற பூனையையும்தான்.

"அடிப்பாவி! ஊருக்கெல்லாம் உன்னைக் காட்டினேனே! கடைசியில் புத்தியைக் காட்டிவிட்டாயே!"

அவள் அடிக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, இறகுகளை ஒவ்வொன்றாக முந்தானையில் எடுத்துக்கொண்டாள். அடித்திருக்கலாம் என்று மிளகிக்கு இருந்தது. வாசலில் வந்து நின்ற நெடுஞ்சேந்தன் மட்டும், "விடு, வல்லி. பூனை பூனைதானே" என்றான்.

அவர்கள் போனபிறகு மிளகி அங்கேயே கிடந்தாள். சுவரில் ஒரு கிழட்டுப் பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. முற்றத்துக்கும் சரக்கறைக்கும் போய்வந்துகொண்டே காலம் கழிக்கும் பல்லி அது.

"நான் தின்னவில்லை" என்றாள் மிளகி.

"தெரியும்" என்றது பல்லி.

"தூங்கிப்போய்விட்டேன். குரலே கேட்கவில்லை."

பல்லி மெதுவாகச் சொன்னது: "முதல் குரலிலேயே உன் காது திரும்பியதை நான் பார்த்தேன், தாயே. தூங்குகிறவளுக்குக் காது திரும்புமா?"

மிளகி தலையைக் கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் கூலியாட்கள் வண்டியில் ஏற்ற மூட்டைகளைப் புரட்டினார்கள். அடியில் சாரை கிடந்தது. வயிறு புடைத்து, நகர முடியாமல். வாயோரத்தில் ஓர் இறகு. ஆட்கள் அதைக் கோலில் தூக்கிக் காட்டுப் பக்கம் கொண்டுபோனார்கள். அமுதவல்லி கொஞ்ச நேரம் வாயில் கைவைத்து நின்றாள். பிறகு அடுக்களைக்கு ஓடிப்போய், இருப்பதிலேயே பெரிய மீனை எடுத்துவந்தாள்.

"என் கண்ணே, ஒரு பாவமும் அறியாத உன்னை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேனே. நீ ஓடிவந்தது அவளைக் காப்பாற்றத்தானா? இது தெரியாமல் போயிற்றே எனக்கு. மன்னித்துக்கொள்ளடி" என்று தடவிக் கொடுத்தாள். அவள் கண்ணீர் மிளகியின் நெற்றியில் விழுந்தது.

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. செய்த குற்றம் இன்னதென்று சொல்ல மிளகிக்கு மனித வாய் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாளோ என்னவோ. மீன் அப்படியே கிடந்தது. எறும்பு மொய்த்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் மாலை, கூடத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மிளகி ஒரு மூலையில் படுத்திருந்தாள். திடீரென்று அவள் காது திரும்பியது. கண்மணி விரிந்தது. எழுந்து பாய்ந்தாள். கூடத்தில் வழுக்கி, அடுக்களையில் சட்டியை உருட்டி, சரக்கறைக்குள் போய் நின்றாள். பொந்தையே பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்து பாதத்தை நக்கத் தொடங்கினாள்.

"என்ன வந்தது இதற்கு? பேய் கீய் பிடித்துவிட்டதா?" என்றாள் அமுதவல்லி.

"எலியைப் பார்த்திருக்கும்" என்றான் நெடுஞ்சேந்தன்.

மறுநாளும் ஓடினாள். அதற்கடுத்த நாளும் ஓடினாள். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, மனம் இலேசாக இருக்கிற நேரம் பார்த்துத்தான் அந்தக் குரல் அவளுக்குக் கேட்கும். ஒவ்வொரு முறையும் முன்னைவிட வேகமாகத்தான் ஓடினாள். ஒவ்வொரு முறையும் பொந்து காலியாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு மிளகி குட்டி போட்டாள். தாய் ஓடுவதைக் குட்டிகள் பார்த்தன. எதற்கு என்று அவள் சொல்லவில்லை. அவையும் கேட்கவில்லை. தாய் ஓடினால் ஓடவேண்டும் போலிருக்கிறது என்று அவையும் பின்னாலேயே ஓடின. அவற்றின் குட்டிகளும் ஓடின. ஊர் ஊராகப் போன பூனைகளெல்லாம் அந்த ஓட்டத்தையும் கூடவே கொண்டுபோயின. காரணம் மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பூனை ஒரு மாலையில் சும்மா கிடந்து, சட்டென்று எழுந்து, அறை அறையாய்ப் பாய்ந்து, வெறும் சுவரைப் பார்த்து நின்றால் சிரிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். அது கேட்பது நமக்குக் கேட்காது.

ஆகவே கேட்டவர்களே, ஓடவேண்டிய நேரத்தில் எழுந்திருக்காதவர், பிறகு ஆயுள் முழுக்க ஓடினாலும் போய்ச் சேரமாட்டார்.